கோல்கீப்பரின் காலடி மண்

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் முதல் கேள்வி இதுதான்: "அங்க வீடு கடல் பக்கமா?" தீவில் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இங்கே எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் குறுக்கே வந்து நின்றுவிடும். போடிக்காரனுக்கு மலையைப் பார்த்துத்தான் பழக்கம். மலையென்றால் ஏறலாம், ஏறினால் அந்தப் பக்கம் கேரளம் இருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது இத்தனை வருஷம் ஆகியும் என் மனதுக்குப் பிடிபடவில்லை.

இந்த வருஷம் கேள்வி மாறிவிட்டது. என் மகன் முகிலனின் படம் போடி வாட்ஸப் குழுக்களில் சுற்றியதிலிருந்து, "மாப்ளே, ஒம் மகன் மணல்ல பந்து வெளையாடுறானாம்ல? நாட்டுக்காக ஆடுறானாம்ல? அது என்ன வெளையாட்டு?" என்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். நாட்டின் பெயரைப் போடாதீர்கள் என்று மகன் கேட்டுக்கொண்டான். இந்தியப் பெருங்கடலில், கிரியோல் பேசுகிற ஒரு தீவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடற்கரைக் கால்பந்து என்பது சும்மா சாயங்காலம் கடலோரம் பிள்ளைகள் உதைக்கிற பந்து இல்லை. அதற்கும் தேசிய அணி, தேசிய கீதம், நடுவர், சிவப்பு அட்டை எல்லாம் உண்டு. பக்கத்துக்கு ஐந்து பேர், காலில் செருப்போ பூட்ஸோ கிடையாது. பன்னிரண்டு நிமிஷம் வீதம் மூன்று பகுதி. சமன் என்று கைகுலுக்கிவிட்டுப் போக முடியாது, யாராவது ஒருவர் தோற்றே ஆகவேண்டும். இன்னொரு வேடிக்கை, யாரைத் தள்ளிவிட்டார்களோ அவன்தான் எழுந்து ஃப்ரீ கிக் அடிக்க வேண்டும். எதிரணி குறுக்கே வரிசை கட்டி மறைத்து நிற்கக் கூடாது. அடிக்கிறவன் காலால் மணலைக் குவித்து, அதன்மேல் பந்தை வைத்து, நிதானமாகப் பார்த்து அடிப்பான். அந்தப் பக்கம் கோலில் ஒருவன் ஒற்றையாக நிற்பான். அந்த ஒற்றை ஆள் என் மகன்.

2

எனக்குப் பந்து தெரியாது என்று நினைக்காதீர்கள். இளவட்டமாக இருக்கும்போது போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் தோட்டம் மேட்ச் நடக்கும். மைதானம் என்று பெயர், சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம். பந்தைத் தூக்கி அடித்தால் அது நேரே ஏலக்காட்டுக்குள் உருண்டு போகும். எவன் அடித்தானோ அவன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது அங்கே சட்டம். மழை நாளில் இறங்கினால் முழங்கால் வரைக்கும் அட்டை ஏறிவிடும். மலையாளத்துப் பையன்கள் சுண்ணாம்பும் புகையிலையும் காலில் தேய்த்துக்கொண்டு தயாராக வருவார்கள். நாங்கள் வேறு வழி கண்டுபிடித்தோம், பந்தைத் தரையை விட்டுக் கிளப்பவே மாட்டோம். அட்டைக்குப் பயந்து கற்ற ஆட்டம் என்றாலும் ஆட்டம் ஆட்டம்தானே.

அந்தப் பழக்கம் நாக்கில் தங்கிவிட்டது. முகிலன் முதன்முதலாக மணலில் ஆடுவதைப் பார்க்கப் போனபோது, "கீழ அடி! கீழ அடி!" என்று கத்தித் தீர்த்தேன். சுற்றி இருந்தவர்களுக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் வந்தான். "அப்பா, மண்ணுல பந்து உருளாதுப்பா. தரையில விட்டா நின்னுரும். எல்லாம் காத்துலதான் ஆடணும்."

"அப்ப ஒனக்குத்தான கஷ்டம்? எல்லாம் மேல மேல வரும்."

"டிராங்கில், பா," என்று என் தோளைத் தட்டினான். கவலைப்படாதே என்பதற்கு இந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். மகன் எனக்குத் தைரியம் சொல்கிற வயதுக்கு வந்துவிட்டான், அதையும் வேறு மொழியில் சொல்கிறான். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

3

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்வராணி கணக்கு டீச்சர். நான் இங்கே ஒரு மளிகை மொத்தக் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொள்ள வந்தபோது, அவளும் முகிலனும் கூடவே வந்தார்கள். பல வருஷம் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவள் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு அதை மறந்தே போயிருந்த நேரத்தில், போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரம் பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் வந்தது. அரசு வேலையை வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எங்கள் பக்கத்தில் இன்னும் யாருக்கும் வரவில்லை. மூவரும் போய்விடலாம் என்றுதான் பேசினோம். முகிலன் வர மாட்டேன் என்றான். பள்ளி, நண்பர்கள், பந்து எல்லாம் இங்கே. சரி, பிள்ளை படிப்பை முடிக்கட்டும், அதுவரை நீங்க கூட இருங்க என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் விமானம் ஏறினாள்.

படிப்பு முடிந்தது, அவன் போகவில்லை. அணியில் இடம் கிடைத்தது. தேசிய அணி என்றால் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட் செல்லாது, கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இந்தியத் தூதரகத்துக்கு நானும் கூடப் போனேன். வரிசை, டோக்கன், நகல், நகலுக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துக்கு ஒரு நகல். கடைசியில் அந்த அதிகாரி ரத்து முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டின் ஒரு மூலையைக் கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தார். மரியாதையான மனிதர், குறை சொல்வதற்கில்லை. அதோடு சேர்த்துக் கட்டியிருந்த பழைய பாஸ்போர்ட்டில், போடியில் எடுத்த சின்ன வயதுப் போட்டோ அப்படியே இருந்தது. முகிலன் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

செல்வராணிக்குச் செய்தி சொன்னேன். உடனே கேட்டாள். "அப்ப இனிமே அவன் போடிக்கு வரணும்னா விசா வாங்கணுமா?"

"அதுக்குன்னு ஒரு கார்டு குடுக்குறாங்க ராணி. விண்ணப்பிச்சா வந்துரும். அதுவரைக்கும் விசாதான்."

"பெத்தவ இருக்கற வீட்டுக்கு வர ஒருத்தன் அனுமதி கேட்டு நிக்கணுமா? அவன்கிட்ட சொல்லிருங்க, எனக்கு அவன்கூட ஒரு பேச்சும் இல்ல."

சொன்னதைச் செய்கிற பெண். அன்றிலிருந்து மகனோடு பேச்சு இல்லை. அவனும் அவளுக்குப் பிறந்தவன்தானே, "அம்மாவா கூப்பிடட்டும்" என்று இருந்துவிட்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான். "அவன் மதியம் சாப்பிட்டானான்னு கேளுங்க, நான் கேட்டேன்னு சொல்லாதீங்க." "அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேளுங்க, நானா கேக்கல." என் போன் ஓயவே ஓயாது. கிடங்கில் மூட்டை எண்ணும்போதும் அடிக்கும். அவளுக்கு ஒரு பதில், அவனுக்கு ஒரு பதில், இரண்டிலும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து நானே தயாரிப்பேன். இவர்கள் இரண்டு பேரும் பேசித் தொலைந்தால் எனக்கு விடுதலை என்று வேண்டாத தெய்வம் இல்லை. வேண்டுதலில் கவனமாக இருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

4

இந்தப் பருவம் தொடங்கியதும் முகிலன் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டான். அங்கிருந்து வளைகுடாவில் நட்பு ஆட்டங்கள், பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்கான தகுதிச் சுற்று, கடைசியாக இங்கே எங்கள் தீவிலேயே ஒரு போட்டி. வீட்டில் நான் ஒருவன். காலையில் ஒருத்தனுக்குச் சோறு வைப்பது எவ்வளவு சங்கடமான வேலை தெரியுமா? எவ்வளவு குறைவாகப் போட்டாலும் மிஞ்சும். பக்கத்து வீட்டு அம்மாள் சன்னல் வழியாக "கி மான்யேர்?" என்பார், எப்படி இருக்கிறாய் என்று. "நல்லாயிருக்கேன்" என்பதற்கான கிரியோல் மட்டும் எனக்குச் சுத்தமாக வரும். அதற்குமேல் யாராவது கேட்டால் பதில் சொல்ல மொழி போதாது. அதனால் யாரிடமும் நல்லாயிருக்கேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு பல மாதம் ஓட்டினேன்.

முதல் சில ஆட்டங்களில் முகிலன் பிரமாதமாகத் தடுத்தான். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பந்துக்குக் குறுக்கே காற்றில் படுத்த மாதிரி பாய்கிறான், சுற்றிலும் மணல் தெறிக்கிறது. இங்கே பத்திரிகையில் வந்தது, போடியில் எல்லாக் குழுவிலும் வந்தது. அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்து சனி பிடித்தது. கைக்கு நேரே வருகிற பந்து நழுவுகிறது. குவித்த மணல்மேல் வைத்து அடிக்கிற பந்தெல்லாம் உள்ளே போகிறது. போட்டி எங்கள் தீவுக்கு வந்தபோது, அவனை ஆட விடாமல் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு பலமாக இருந்தது. மைதானத்தில் ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் கோலுக்குள் உட்கார்ந்திருப்பான். என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

செல்வராணி எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேச்சுத்தான் கிடையாது, பார்வை உண்டு.

"கண்ணேறு," என்றாள். "சந்தேகமே இல்ல. அந்தப் போட்டோ ஊரு பூரா சுத்துச்சுல்ல?"

"நீ கணக்கு டீச்சர் ராணி."

"கணக்கு பள்ளிக்கூடத்துல. நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அங்கன காலடி மண்ணு ஒரு பிடி எடுங்க. உப்பு, மிளகா வத்தலோட சேத்து அவனுக்குச் சுத்தி அடுப்புல போடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

5

மறுநாள் ஆட்டத்திலும் தோல்வி. கூட்டம் கலைந்ததும் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். அன்றைக்கு முகிலனும் மற்ற பிள்ளைகளோடு உடை மாற்றும் பக்கம் போயிருந்தான். காலடி என்றால் எந்தக் காலடி? மணல் முழுக்கக் கால்தான். வெரசா எடுத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் குனிந்து கைக்குட்டையில் ஒரு பிடி அள்ளி முடிச்சுப் போட்டேன்.

நிமிர்ந்தால் எதிரே காவலுக்கு இருந்த பெண். நல்ல உயரம், கையில் குடை.

"என்ன அது?"

"மணல்."

"எதற்கு?"

இதற்கு கிரியோலில் என்ன பதில் சொல்வது? என் மனைவிக்கு வேண்டும் என்றேன். இந்தத் தீவில் அனுமதியில்லாமல் மணல் அள்ளக் கூடாது என்பது எனக்கும் தெரியும். மேலும் அது போட்டிக்கென்றே சலித்துப் போட்ட மணல். "உங்கள் மனைவி எங்கே?" என்றாள். இந்தியாவில் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அத்தனை தூரத்துக்கு ஒரு பிடி மணலா? என் மகன் கோல்கீப்பர் என்று சொன்னேன், நம்பவில்லை. ஆள் அனுப்பி அவனை வரச் சொன்னாள்.

முகிலன் தோளில் துண்டோடு வந்தான். பின்னாலேயே அணிப் பிள்ளைகள் நாலைந்து பேர். எனக்கு அப்படியே மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. தோற்ற அன்றைக்கு, இத்தனை பேர் முன்னால், மண் திருடிய அப்பன்.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல. சுத்திப்போடலாம்னு…"

"ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாதே. யாரு சொன்னா?"

நான் கைக்குட்டை முடிச்சை இறுக்கினேன். அவன் கைக்குட்டையையே பார்த்தான். "அம்மாவா?" என்று கேட்டான். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "அம்மாவா சொல்லிச்சு?"

தலையாட்டினேன். சொல்லாதீங்க என்று சொன்னதையெல்லாம் காப்பாற்றுகிற நிலையில் நான் இல்லை.

அவன் காவல்காரப் பெண்ணிடம் கிரியோலில் என்னவோ வேகமாகப் பேசினான். மணல் வெளியே போகாது, இங்கேயே கொட்டிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறான். அவள் சரி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவனே வீடியோவில் கூப்பிட்டான். போடியில் எடுத்தவள் என் முகத்தை எதிர்பார்த்திருப்பாள்.

"அம்மா," என்றான். "அப்பாவுக்குச் சுத்தத் தெரியல. நீ சொல்லிக்குடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு டீச்சர் குரல். "மொதல்ல கெழக்கப் பாத்து நில்லு. கெழக்கு எதுன்னாவது தெரியுமா அங்க?"

அவ்வளவு பெரிய பையன் கடலுக்குப் பக்கவாட்டில் திரும்பி, என் கைக்கு எட்டுவதற்காக முழங்காலை மடக்கி நின்றான். எடப்பக்கம் இருந்து மூணு, வலப்பக்கம் இருந்து மூணு என்று அவள் சொல்லச் சொல்ல, உப்பும் வத்தலும் இல்லாத வெறும் மணலைச் சுற்றினேன். "இப்ப மூணு தடவ துப்பு" என்றாள். துப்பினான். காவல்காரப் பெண் "ஓ!" என்று ஒரு அடி பின்னால் போனாள். அணிப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

"சரி, எந்த எடத்துல எடுத்தீங்க மண்ண?" என்று செல்வராணி கேட்டாள்.

"கோல் கம்பத்துகிட்டதான்."

"கோல் கம்பத்துகிட்டயா? அங்கன நிக்கிறது அவன்தான? அவன் காலடி மண்ணயே எடுத்து அவனுக்கே சுத்துனீங்களா? பாக்குறவுக நடக்குற எடத்துலல்ல எடுக்கணும்!"

முகிலன் சிரிக்க ஆரம்பித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்ல விடுங்க. ராத்திரி பகலா அந்தப் போட்டோவையே பாத்துக்கிட்டு இருந்திருப்பான். அவன் கண்ணே அவனுக்குப் பட்டிருக்கும்." சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "எளைச்சுட்டியேடா அப்பு" என்றாள். அவன் போனை எடுத்துக்கொண்டு கோலுக்குள் போய் உட்கார்ந்தான். நான் கைக்குட்டையை உதறிவிட்டுக் காத்திருந்தேன். அந்தப் பெண் என்னைத் தன் குடைக்குள் நிற்கச் சொன்னாள்.

6

மறுநாளும் தோற்றார்கள். கண்ணேறு போயிற்றா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, வாய்ப்பூட்டு போயிற்று. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அவன் கை பழையபடி பந்தைப் பிடிக்கத் தொடங்கியது. அணியில் இடமும் நிலைத்தது.

இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். அவள் சாயங்காலம் பேப்பர் திருத்தும்போது போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்வாளாம். ஃப்ரீ கிக் எந்தக் கோணத்தில் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறாளாம். இதெல்லாம் யார் சொல்லித் தெரியும் என்றால், நானாகக் கேட்டால் தெரியும். என் போன் அடிப்பது நின்றுவிட்டது. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரம் போன் பழுதோ என்று கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்றான் கடைக்காரன்.

பருவம் முடிந்ததும் விடுப்பில் போடிக்குப் போனேன். முகிலனுக்கு இந்தியா வந்துபோகிற அந்தக் கார்டு இன்னும் வரவில்லை, அதனால் நான் மட்டும். வீட்டில் எல்லாம் அவள் வசதிக்கு இருக்கிறது, ஒரு பொருளும் நான் தேடுகிற இடத்தில் இல்லை. அவள் ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போய்விட்டால் எனக்கு என்ன சோலி? பஜாருக்குப் போனால் "எப்ப வந்தீக?" என்பதற்கு அடுத்த கேள்வி "எப்பக் கெளம்புறீக?" என்பதுதான். தீவில் ஒற்றை ஆள், ஊரில் விருந்தாளி.

ஒரு நாள் மலைமேல் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இரண்டு பேரும் ஜீப்பில் போனோம். தோட்டத்து வேலைக்காரப் பெண்களும் ஏறியிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது.

"தம்பியா டீச்சர்?" என்று டிரைவர் ஓரமாக நிறுத்தினார். "இந்த வளைவத் தாண்டுனா டவர் போயிரும். இங்கயே பேசிருங்க."

ஜீப்புக்கே தெரிந்திருக்கிறது. அவள் சத்தமாகப் பேசினாள். பெட்டி கட்டிட்டியா, கம்பளிச் சட்டை எடுத்துக்கிட்டியா, அங்க போயி மொதல்ல அரிசி வாங்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க போறான்?" என்று கேட்டேன்.

போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒங்ககிட்ட சொல்லலையா? ஐரோப்பாவுல ஒரு கிளப்புக்கு எடுத்திருக்காகல்ல. ரெண்டு வருசம். நான் சொல்லிருப்பேன்னு நெனச்சிருப்பான். நான் அவன் சொல்லிருப்பான்னு நெனச்சேன்."

அவனுக்காகத்தான் நான் அந்தத் தீவில் இருக்கிறேன். அடுத்த வாரம் நான் திரும்பிப் போகும்போது அந்த வீட்டில் அவன் இருக்க மாட்டான்.

"இந்தா, அப்பாகிட்ட பேசு" என்று அவள் போனை நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். கேட்க வேண்டியது நெஞ்சு நிறைய இருந்தது.

"எப்படிப்பா இருக்கீங்க?" என்றான்.

"நல்லாயிருக்கேன். நீ?"

"நல்லாயிருக்கேன்ப்பா."

பின்னால் ஒரு லோடு லாரி ஒலியெழுப்பிவிட்டு எங்களைத் தாண்டிப் போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"குளிரா இருக்குமாடா அங்க?"

"இருக்கும்ப்பா. சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று ஜீப்பை விட்டு இறங்கி நின்றேன்.